வேகத்தடையில் இறங்கிய சம்பந்தி

மனித குலம் இதுவரை கண்ட அறிவாளர் மன்றங்களில் தலையாயது பிஷ்கெக் நகரில், அலாமெதின் சந்தைக்குப் பின்புறம், ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் தகரக் கூரைக்கு அடியில் கூடுகிறது. மன்றத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பலருக்கு வேறு எங்கும் கிடையாது. இருந்தும், ஜெர்மன் சொகுசு காரைப் பழையதாக வாங்கிய எவனும் அங்கே வந்து உத்தரவு பெறாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருகுவதில்லை.

மன்றத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. வலேரா தலைமையில் இயங்குவது கம்பெனிக் கட்சி. கார் பிறக்கும்போதே கம்பெனி தன் கையால் பூட்டிய 'ஸ்போர்ட் பேக்கேஜ்'தான் சுத்தம், அதன்மேல் வேறு எவன் கை பட்டாலும் கலப்படம் என்பது அதன் கொள்கை. பேக்கேஜ் என்றால் விறைப்பான ஸ்பிரிங், இடுப்பை இறுக்கும் சீட், தரையை முகர்ந்துகொண்டே போகும் முன் பம்பர். ஜிர்கல் தலைமையில் இயங்குவது வெளிக்கடைக் கட்சி. கம்பெனிக்காரன் விற்பதற்காகச் செய்கிறான், வெளிக்கடைக்காரனோ ஓட்டுவதற்காகச் செய்கிறான் என்று அது முழங்கும். வெளிக்கடை ஸ்பிரிங்கை ஸ்பானர் வைத்து ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றியவர் எவரும் மன்றத்தின் வரலாற்றில் இல்லை.

இந்தச் சபைக்குத்தான் எர்மெக் தன் காரைக் கொண்டுவந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். லிதுவேனியாவில் யாரோ அலுத்துப்போய் விற்ற பெரிய செடான் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. பிஷ்கெக்கில் ஸ்போர்ட் சின்னம் ஒட்டாத கார் அபூர்வம்; சந்தையில் அது வெள்ளரிக்காய்க்குப் பக்கத்திலேயே கிடைக்கும். எர்மெக்கின் வண்டியில் இருந்ததோ அசல். அதனாலேயே சபையில் கொந்தளிப்பு மூண்டது.

"கம்பெனி போட்டதுல கைய வெச்சே, அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காதடா," என்றார் வலேரா.

ஜிர்கல் வயதில் இளையவன். ஆகையால் பாய்கே என்று அண்ணன் முறை வைத்து, உரிய மரியாதையுடன் திட்டினான். "பாய்கே, அது கிழட்டு ஸ்பிரிங்கு. லிதுவேனியாக்காரனத் தாங்கித் தாங்கியே செத்துப் போச்சு."

"செத்தாலும் அசல்!"

"ஆமா, அசல் பொணம்!"

"ஏன், ரெண்டையும் வெச்சுக்கலாமே?" என்றான் எர்மெக்.

தண்ணீர் பீய்ச்சும் குழாய்கூட ஒரு கணம் நின்றது. பிறகு சபை எழுந்து கைதட்டியது. வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டணி அப்போதே உதயமாயிற்று. கம்பெனியின் தாழ்ந்த பம்பர் அப்படியே நீடிக்கும். வெளிக்கடை ஸ்பிரிங் அதை இன்னும் தாழ இறக்கும். இரு கட்சியும் வென்றன, தரைதான் தோற்றது. வேலை முடிந்தபின் காருக்கு அடியில் சிகரெட் பெட்டி படுத்தவாக்கில் போயிற்று, நின்றவாக்கில் போகவில்லை. மன்றத்தார் ரவுண்டானாவை வேகமாகச் சுற்றிவந்து, வண்டி இம்மியும் சாயவில்லை என்று சான்று வழங்கி, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

எர்மெக்குக்கு அந்த வாரம் வாழ்க்கையிலேயே முக்கியமான வாரம். பெகாயிமுக்குக் கம்மல் போடும் நாள் வந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் காதில் கம்மலை மாட்டிவிட்டால் சம்பந்தம் உறுதி, மாட்டாவிட்டால் இல்லை. பெகாயிமின்மேல் அவனுக்கு உயிர். இதில் கேலி எதுவும் இல்லை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள், நகரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள். அப்பா அசன்குல் கோச்கோரிலிருந்து வந்து சேரவேண்டும்.

"ஷேர் டாக்ஸில அப்பா அவர்பாட்டுக்கு வந்துருவாரு," என்றாள் பெகாயிம். "உன் வண்டி ரொம்பக் கீழ கெடக்கு."

"கீழ கெடக்குன்னு சொல்லாத. அதுக்குப் பேரு நிலைப்புத்தன்மை."

"அவருக்கு முட்டி வலி இருக்கு, எர்மெக்."

"ஸ்போர்ட் சீட்டு முட்டிய அப்படியே கட்டிப் புடிச்சுக்கும்."

அசன்குல் குதிரை வளர்ப்பவர். தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பியும், கையில் உலர்தயிர் உருண்டைப் பையுமாக, கோச்கோருக்கே அழைக்க வந்துவிட்ட எர்மெக்கின் காரில் ஏறினார். சம்பந்திகளுக்கென்று அறுத்த முழு ஆடு டிக்கியில் ஏறியது. கார் பணிவுடன் இன்னும் கொஞ்சம் குனிந்தது.

பூம் கணவாயின் வளைவுகளில் அந்த வண்டி ஓடியதைக் குறை சொல்பவன் வாய் வெந்துபோகும். ஒட்டிக்கொண்டு ஓடிற்று.

"எப்படி இருக்கு, ஆதா?" என்று பெருமையாகக் கேட்டான் எர்மெக். பெரியவர்களை அங்கே ஆதா என்றுதான் அழைப்பார்கள்.

"ரோட்டுல இருக்கிற கல்லு ஒண்ணு விடாம எனக்குப் பழக்கமாயிடுச்சுப்பா," என்றார் அவர், மேல் கைப்பிடியை விடாமல்.

கணவாய் முடிந்து சமவெளிக் கிராமங்கள் வந்தன. கூடவே வேகத்தடைகளும் வந்தன. முதல் மேட்டில் பம்பர் கிறீச்சிட்டது. எர்மெக்கின் நெஞ்சும் கிறீச்சிட்டது. வண்டியைப் பின்னால் எடுத்து, மன்றத்துக்குப் போன் போட்டான்.

"பம்பர் அசலுடா, பாத்து!" என்று அலறினார் வலேரா. "மொதல்ல எடையக் கொற!"

"ஸ்பிரிங்குல ஒரு குத்தமும் இல்ல, குறுக்கால ஏத்து!" என்று பின்னாலிருந்து கத்தினான் ஜிர்கல்.

எடையைக் குறைப்பது எப்படி? எர்மெக் நிதானமாக யோசித்தான். டிக்கியில் இருந்த ஆடு சம்பந்திகளுக்கான மரியாதை. மரியாதையைத் தெருப் புழுதியில் இறக்கி வைக்க முடியாது. மிச்சம் இருந்த எடை, மரியாதைக்கு உரியவர் மட்டுமே.

"ஆதா... ஒரே ஒரு நிமிஷம் எறங்கி நடக்கறீங்களா? இந்த மேட்டத் தாண்டினதும் ஏறிக்கலாம்."

அசன்குல் அவனைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், இறங்கினார்.

வேகத்தடையை யாரும் பொட்டல்காட்டில் போடுவதில்லை. பள்ளிக்கூடம், கடை, வீட்டு வாசல் என்று மனிதர்கள் இருக்கும் இடத்தில்தான் போடுவார்கள். வெண்தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் முட்டியைப் பிடித்தபடி வாசலைக் கடந்து போனால், அந்த நாட்டில் எந்த வீட்டுக்காரியும் சும்மா இருக்க மாட்டாள். ஒருத்தி ரொட்டியோடு ஓடிவந்தாள். "ஆதா, ஒரு விள்ளல் வாயில போட்டுட்டாவது போங்க!" நீட்டிய ரொட்டியை அங்கே யாரும் மறுப்பதில்லை. ரொட்டியின் பின்னால் வெண்ணெய் வந்தது, அதன் பின்னால் தேநீர் வந்தது, பிறகு எந்த ஊர், எந்த வம்சம் என்ற விசாரணை வந்தது. அடுத்த மேட்டில் அடுத்த வீடு. அதற்கடுத்த மேட்டில் பொரித்த மாவுருண்டையும் பாதாமி ஜாமும்.

"கூட வந்திருக்கிறது யாரு, ஆதா?" என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள்.

"மருமகனா வரப்போறவன்."

"அவரு ஏன் வண்டிக்கு அடியில படுத்திருக்காரு?"

அசன்குல் எட்டிப் பார்த்தார். "தெரியலம்மா. அவுங்க வீட்டு வழக்கமா இருக்கும்."

கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாசலில், எர்மெக் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு வண்டியை எந்தக் கோணத்தில் ஏற்றுவது என்று இரு கட்சிகளோடும் ஆலோசித்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த பழைய மினிபஸ் கிறீச்சென்று நின்றது.

"ஆதா! உங்கள நடுரோட்டுல எறக்கி விட்ட மடையன் எவன்?" என்று டிரைவர் கத்தினான். உள்ளே இருந்த இளைஞர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். எர்மெக் வெற்றிகரமாக மேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, சாலையில் புழுதிதான் இருந்தது.

சித்தப்பா வீட்டில் சமையல் முடிந்து ஆறிப்போயிருந்தது. எர்மெக்கின் அம்மா கம்மல் பெட்டியைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். அசன்குல் எப்போதோ வந்து, வாசலுக்கு எதிரே உள்ள கௌரவ இடத்தில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வையாக எர்மெக் உள்ளே நுழைந்தான். நுழைந்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் இது:

"பம்பர்ல ஒரு கீறல்கூட இல்ல!"

அசன்குல்தான் சிரித்தார். "பையனத் திட்டாதீங்க. வழியெல்லாம் நல்ல சாப்பாடு. குதிரைக்காக நான் எத்தனை ஏத்தத்துல எறங்கி நடந்திருக்கேன்!"

"குதிரைக்கு மூச்சு வாங்கும்பா," என்றாள் பெகாயிம். "இதுக்கு என்ன வாங்குது?"

அவள் எர்மெக்கின் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லு. நாளைக்கு நான் புள்ளத்தாச்சியா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். மேடு வருது. என்னையும் எறக்கி நடக்க விடுவியா? இல்ல, அந்த ஸ்பிரிங்கக் கழட்டிட்டு சாதாரணமா ஒண்ணு மாட்டுவியா? மாட்டுறேன்னு சொல்லு, போதும். அத்தை இப்பவே கம்மலப் போடட்டும்."

ஒரு சொல்தான் தேவைப்பட்டது. அந்தச் சொல் எர்மெக்கின் தொண்டைவரை வந்துவிட்டது. அம்மா கம்மலைக் கையில்கூட எடுத்துவிட்டாள். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"மன்றத்துல கேட்டுட்டுச் சொல்றேனே," என்றான் எர்மெக்.

அம்மா கம்மலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

விஷயம் மன்றத்தின் அவசரக் கூட்டத்தில் விரிவாக அலசப்பட்டது. முதலில் மாமனாரும், பிறகு மணப்பெண்ணும் உரிய நேரத்தில் இறங்கிக்கொண்டதால் எடைப் பிரச்சினை நிரந்தரமாகத் தீர்ந்தது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. எர்மெக்கின் கார் இப்போது நகரத்தின் எந்த வேகத்தடையிலும் உரசுவதில்லை. அந்தப் பெருமை தங்களுக்கே என்று கம்பெனிக் கட்சியும் வெளிக்கடைக் கட்சியும் இன்றுவரை சண்டை போட்டுக்கொள்கின்றன. உண்மையில் பெருமை முழுவதும் எர்மெக்குக்கே சேரும். அவன் பக்கத்தில் உட்கார இனி யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டவன் அவன்தானே.