பெயிண்ட் மாத்தினா குழாய்ல தண்ணி நிக்குமா?

"ஏம்மா, என் வாஷிங் மெஷின் மேல எதுக்கும்மா இதயம் விழுது?"

முதலாளி போன்ல கத்தின கத்துல வெப்சைட்டம்மா பாதி சீவின தலையோட அவர் கம்பெனிக்கு ஓடி வந்தா. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ற கம்பெனி அது. அதோட வெப்சைட்டைப் பாத்துக்கறது இவ வேலை. பெரிய ஆபீஸ் வேலையை உதறிட்டு சொந்தமா ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. கையில இருக்கறது இந்த ஒரே கஸ்டமர். அந்த ஒப்பந்தமும் இன்னியோட முடியுது. சாயங்காலத்துக்குள்ள முதலாளி புதுசுல கையெழுத்து போடலைன்னா, பழைய மேனேஜர் முன்னாடி போய் நிக்கணும். "நீங்களே திரும்பி வருவீங்க"ன்னு சிரிச்ச மூஞ்சி அது. நினைச்சாலே பத்திக்கிட்டு வந்துச்சு.

ஸ்க்ரீனைப் பாத்தா நிஜமாவே வாஷிங் மெஷின் படத்து மேல செக்கச் செவேல்னு இதயமா கொட்டுது. தீம் தானா அப்டேட் ஆகி, தானா காதலர் தினம் கொண்டாட ஆரம்பிச்சிருக்கு.

"யாரு சார் இந்த தீமை வாங்கச் சொன்னது? சைட் பாக்க அழகா இருக்கத்தான் தீம். இதுக்குள்ள சாட், காலண்டர், புகார் ஃபார்ம், மழை வருமா வராதா... என்ன இழவு சார் இது!"

"எல்லாம் ஒண்ணா வருது. நல்லதுதானே?"

"தீம்ங்கறது சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட் சார். குழாய், லைட்டெல்லாம் ப்ளகின். அதைத் தனியாத்தான் மாட்டணும். பெயிண்ட் மாத்தினா குழாய்ல தண்ணி நிக்கலாமா?"

"எனக்கு கிளாஸ் எடுக்காத. இதயத்தை நிறுத்து."

தீமுக்குள்ள போனா எழுபத்து நாலு சுவிட்ச். தேடிப்பிடிச்சு 'அலங்காரம்'ங்கறதை அணைச்சா. இதயம் நின்னுது. அப்பாடான்னு நிமிரலை, எதிர்ல போன் எடுக்கற அக்கா எட்டிப் பாத்தாங்க. யார் கூப்பிட்டாலும் "புகாரை வெப்சைட்ல பதிவு பண்ணுங்க"ன்னு ஒரே வரி சொல்லி வெச்சிடறவங்க.

"அம்மாடி, புகார் ஃபார்மைக் காணோமாம். ஜனங்க போன்ல காய்ச்சறாங்க."

முதலாளி சேரை விட்டு எழுந்துட்டாரு. "ஃபார்ம் போச்சா? எது போனாலும் போகட்டும், அந்த ஃபார்ம் பழையபடி இருக்கணும்!"

சுவிட்சைப் போட்டா. ஃபார்ம் வந்துச்சு. கூடவே இதயம் ரெண்டு மடங்கா வந்து, இப்ப டிங் டிங்னு சத்தம் வேற.

"ஃபார்முக்கும் இதயத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? ரெண்டையும் ஒரே சுவிட்ச்ல கட்டியிருக்கான் பாவி. அவன் வீட்ல ஃபேனைப் போட்டா அடுப்பு எரியுமா?"

"கத்தாம வேலையைப் பாரு. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள சரியாகணும். இல்ல, ஒப்பந்தத்தை மறந்துடு."

அவர் தலை மறைஞ்சதும் இவளுக்கு ஆத்திரம் தலைக்கேறிடுச்சு. பழைய தீமையே தூக்கிக் கடாசிட்டு, வெள்ளை வெளேர்னு ஒரு சாதா தீமைப் போட்டா. பக்கம் பூரா அடைப்புக்குறியும் நம்பருமா குப்பை மாதிரி நின்னுது. முதலாளி போட்டோ பெருசாகி, ஸ்க்ரீன் முழுக்க அவரு மூக்கு மட்டும் தெரிஞ்சுது.

"அய்யய்யோ, இதுக்கு இதயமே தேவலாம்"னாங்க அக்கா.

"சும்மா இருங்கக்கா, வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க."

ஒரு மணி நேரம் மூக்கோட மல்லுக்கட்டி, குப்பையை வழிச்சுப் போட்டுட்டு, புகார் ஃபார்முக்குன்னு தனி ப்ளகின் மாட்டினா. முதலாளியோட மெயில், செல் நம்பர் எல்லாம் கொடுத்தா. உடனே ப்ளகின் கேட்டுச்சு: 'பழைய ஃபார்மில் அனுப்பப்படாத புகார்கள் 412. இப்போது அனுப்பலாமா?'

"பாத்தீங்களாக்கா? நானூத்திப் பன்னெண்டு பேர் புகார் குடுத்திருக்காங்க. ஒண்ணுகூட இவருக்குப் போகலை! இதுக்குத்தான் அடிச்சுக்கறேன், தீமுக்குள்ள ஃபார்ம் வேண்டாம்னு!"

அக்கா என்னமோ சொல்ல வாயெடுத்தாங்க. போன் அடிச்சுது, திரும்பிட்டாங்க.

இவ 'அனுப்பு'ன்னு ஒரு அமுக்கு அமுக்கினா. நானூத்திப் பன்னெண்டும் முதலாளிக்குப் போச்சு. புகார் குடுத்த ஒவ்வொருத்தருக்கும், 'உங்கள் புகார் கிடைத்தது. நாளை காலை பத்து மணிக்கு ஆள் வருவார்'னு ப்ளகினே தானா பதிலும் போட்டுச்சு. அடியில முதலாளி செல் நம்பர். கம்பெனியில ரிப்பேர் பண்ற ஆளுங்க மொத்தமே ரெண்டு பேர்.

கால் மணி நேரத்துல முதலாளி வாசல்ல நின்னாரு. சாப்பிட்ட கையைக்கூட கழுவலை. செல் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஃபார்ம் வேலை செய்யுது சார்! நீங்க கேட்டதுதானே?"

"கழட்டு! பழைய தீமைப் போடு!"

"வேலை செய்யறதை எதுக்கு சார் கழட்டணும்?"

மேஜை மேல இருந்த புது ஒப்பந்தத்தை எடுத்தாரு. நாலாக் கிழிச்சாரு. செல்லை அணைச்சுட்டு உள் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.

வெப்சைட்டம்மா கிழிஞ்ச நாலு துண்டையும் பொறுக்கி அக்கா முன்னாடி போட்டா. "நீங்களே சொல்லுங்கக்கா. கெட்டுக் கிடந்ததை சரி பண்ணினேன். அதுக்கு இந்த மரியாதையா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அக்கா ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுட்டுச் சொன்னாங்க:

"உன் மேல தப்பில்லடி கண்ணு. எழுதிப் போடறது எங்கயுமே போய்ச் சேராத ஃபார்ம் எந்த தீம்ல இருக்குன்னு, மூணு மாசம் தேடிக் கண்டுபிடிச்சு வாங்கினாரு மனுஷன்."