முந்நூறு புள்ளிக்காரர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு காலத்தில் கல்யாணம் தடைபட மூன்றே காரணங்கள்தான் இருந்தன. ஒன்று ஜாதகம். இரண்டு சீர்வரிசை. மூன்று எங்கள் தெரு முந்நூறு. முதல் இரண்டுக்கும் பரிகாரம் உண்டு.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. உருட்டி வரும் கம்பிகளை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கீறல் தெரிந்தால் மஞ்சள் சாக்பீஸால் 'ரிஜெக்ட்' என்று எழுதுவார். அதே கம்பெனியில் நான் கம்பிக் கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் அவர் வேறு ஆள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு கலர் பிரிண்டர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எல்லாப் பத்திரிகையும் வீட்டிலேயே அடித்துக் கொடுப்பார். தாளும் மையும் நாம் வாங்கிக் கொடுத்தால் போதும். நல்ல மனிதர்தான். சிக்கல் என்னவென்றால், கம்பியைப் பார்க்கிற அதே கண்ணோடு போட்டோவையும் பார்ப்பார்.

"நைனா, ஒரு இஞ்சுக்கு முந்நூறு புள்ளி. இருந்தா பத்திரிகை. இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

புள்ளி என்றால் என்ன என்று கேட்ட பெண்களிடம், "பதினஞ்சு புள்ளி தேர்க்கோலத்த நாலு புள்ளியில போட்டுக் காட்டு பாக்கலாம்" என்பார். அதோடு அவர்களுக்கு விளங்கிவிடும். ஒருவன் பெருமையாகச் செல்போனில் எடுத்த படத்தை நீட்டினான். "செல்லுல புடிச்சியா? செல்லுலயே பாத்துக்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்கேனர் மூடி திறந்திருக்கும்போது ஃபேன் போடக் கூடாது, தூசு விழும். சித்திரை மாதத்திலும் அப்படித்தான். பத்திரிகை கேட்டு வந்த குடும்பமே வரிசையாக உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கும்.

தையல்கார அக்கா தன் பெண்ணின் நிச்சயதார்த்தப் பத்திரிகைக்குப் போட்டோ கொண்டுவந்தாள். கொஞ்சம் மங்கலான படம். நம்ம ஆள் கைப்பழக்கத்தில் அதன் பின்பக்கம் சாக்பீஸால் 'ரிஜெக்ட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார், சொந்தக்காரர்களுக்குக் காட்ட ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்க, அக்கா அதையே கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாமா இது? எங்களுக்கு முன்னாடி எத்தினி பேரு வாணாம்னு எழுதிக் குட்த்தாங்க?"

விஷயம் தெரிந்ததும் முந்நூறு சைக்கிளை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீடு இருக்கிற பொன்னேரிக்கே போனார். "பொண்ணு ஃபர்ஸ்ட் குவாலிட்டிமா. போட்டோதான் ரிஜெக்ட்" என்று லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதோடு திரும்பி வந்திருக்கலாம். சுவரில் மாட்டியிருந்த மாப்பிள்ளை படத்தையும் எட்டிப் பார்த்து, "இதுவும் ரிஜெக்ட்தான்" என்றார். மாப்பிள்ளையின் அப்பாதான், "அப்ப ஜோடிப் பொருத்தம் சரியாத்தான் கீது" என்று சிரித்தாராம். கல்யாணம் நடந்தது.

இன்னொரு முறை ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் பத்திரிகை. குழந்தையின் கன்னத்தில் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டைத் தூசு என்று நினைத்து, அரைமணி நேரம் பாடுபட்டு, கம்ப்யூட்டரிலேயே சுத்தமாகத் துடைத்துவிட்டார். பத்திரிகை ஊரெல்லாம் போன மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல்.

"பொட்ட எட்த்துட்டு ஊரு கண்ணையெல்லாம் என் புள்ள மேல உட்டுட்டியேய்யா!" என்று தாய்க்காரி வாசலில் வந்து நின்றாள்.

முந்நூறு ஒரு கறுப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், கொடுத்த பத்திரிகை அத்தனையிலும் பொட்டு வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. எல்லார் கன்னத்திலும் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தார். ஒரு அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் வழுக்கைத் தலைப் பெரியவர் கன்னத்தில் மைப் பொட்டோடு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம் நானும் போய் நிற்க வேண்டி வந்தது. என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எளாவூர். இருபது நாள்தான் இருந்தது, பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை. காரணம் அம்மா.

"அவரு மூஞ்சி இல்லாத பத்திரிகை ஒண்ணுகூட இந்த வாசப்படி தாண்டாது" என்று சொல்லிவிட்டாள்.

அவர் என்றால் அப்பா. அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதே கம்பெனியில் உலையடியில் வேலை பார்த்தவர். கேமராவைக் கண்டால் நைசாக வெளியே போய்விடுகிற மனிதர். கல்யாணப் படம் ஒரு மழையில் பெட்டியோடு ஊறிப்போயிற்று. கழுத்தில் மாட்டும் கம்பெனி பாஸில் ஒரு படம் இருந்தது. கயிறு கோக்க ஓட்டை போட்டவன் குறி பார்த்து மூக்கில் போட்டிருந்தான். மிச்சம் இருந்தது ஆயுத பூஜைக்கு எடுத்த குரூப் போட்டோ ஒன்று. அறுபது பேரில் அப்பா கடைசி வரிசை. முகம் புளியங்கொட்டை அளவு.

"போட்டோ இல்லாட்டி இன்னா, ஒரு குத்துவிளக்கு படம் போட்டுடலாம்" என்றார் மாமா.

"நான் இன்னா குத்துவிளக்கையா கட்டிக்கினேன்?" என்றாள் அம்மா.

அம்மாவையும் படத்தையும் அழைத்துக்கொண்டு முந்நூறு வீட்டுக்குப் போனேன். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். படத்தைத் திருப்பினார். சாக்பீஸை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சாக்பீஸ் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது.

"நாலு நாள் டைம் குடு நைனா."

நான்காம் நாள் கூப்பிட்டு அனுப்பினார். கம்ப்யூட்டர் திரையில் அப்பா சின்னதாக இருந்தார்.

"நல்லாத்தானே கீது தம்பி. கொஞ்சம் பெருசா பண்ணேன்" என்றாள் அம்மா.

"பண்ணலாம்மா. அவரு இருக்க மாட்டாரு."

பெரிதாக்கினார். முகம் சதுரம் சதுரமாக உடைந்து, செங்கல் சுவர் மாதிரி ஆகிவிட்டது.

"ஐயோ, போயிட்டாரே!"

சின்னதாக்கினார்.

"தோ, வந்துட்டாரு பாரு."

அம்மா திரையில் அப்பாவையே பார்த்தாள். "தம்பி, இன்னொரு தபா போவச் சொல்லு."

போனார், வந்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். மறுபடியும் போகச் சொன்னாள். அன்றைக்கு அப்பா பத்துத் தடவை போய்விட்டுப் பத்துத் தடவை திரும்பி வந்தார். முந்நூறும் அலுக்காமல் கூட்டி வந்தார்.

"புளியங்கொட்ட சைசுக்கு முந்நூறு புள்ளி கீதுமா. ஒரு நூல் அளவு ஏத்தினாலும் பொய்யி. அதான் கணக்கு."

"அவ்ளோ சின்னதா போட்டா ஊரு சிரிக்காதா?" என்றேன் நான். அந்த மாதத்தில் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"கிட்ட வச்சுப் பாக்கச் சொல்லு நைனா."

அம்மாதான் முடிவு சொன்னாள். "இருந்த வரைக்கும் அடக்கமாத்தான் இருந்தாரு. இப்ப மட்டும் இன்னாத்துக்குப் பெருசா? அப்டியே போடு."

பத்திரிகை வாசப்படி தாண்டியது. வாங்கியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஏதோ மைத்துளி என்று நினைப்பார்கள். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள். இன்னும் பக்கத்தில். கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல இருக்கும். அப்பாவோடு உலையடியில் நின்ற பழைய மேஸ்திரி அப்படித்தான் பார்த்துவிட்டு, "டேய், இவன் சிரிக்கிறான்டா!" என்று கத்தினார். அம்மா பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தாள். ஆமாம், சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் அந்தப் படம் வீட்டில் இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை.

கல்யாணம் எளாவூரில், ரோட்டோர மண்டபத்தில். மாப்பிள்ளையின் நண்பர்கள் வாசலில் பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். செல்போனில் எடுத்த படம். மாப்பிள்ளையின் மூக்கு சதுரமாக இருந்தது. புது வேட்டியோடு வந்த முந்நூறு அதைப் பார்த்ததும் தேளை மிதித்தவர் போலப் பின்னால் குதித்தார்.

"உள்ள வாங்கண்ணா" என்றேன்.

"இதுக்குக் கீழ பூந்து எப்டி நைனா வர்றது?"

அப்படியே பின்னோக்கி நடந்தார். இருபது அடி, முப்பது அடி. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய், மூக்கு மூக்காகத் தெரிந்த பிறகுதான் நின்று கையைத் தூக்கினார். "இங்கேர்ந்து ஓகே!"

அங்கேயே நின்றுவிட்டார். முகூர்த்த நேரம் நெருங்கியதால் நான் உள்ளே ஓட வேண்டியதாயிற்று. அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு ஆளிடம் சந்தனமும் அட்சதையும் கொடுத்தனுப்பினாள்.

மேடையில் நின்றபடி வாசல் வழியே பார்த்தேன். லாரி வந்தால் மறைந்தார், போனதும் தெரிந்தார். கெட்டிமேளம் கேட்டதும் அங்கிருந்தே கையை ஓங்கி அட்சதையை எங்கள் பக்கம் வீசினார். ஆந்திரா போகிற ஒரு லாரி மேல் விழுந்திருக்க வேண்டும்.

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு ஊரே தூவிய அட்சதையில், அந்த லாரியோடு போனதுதான் பலித்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.