கப்பல்காரர் வாசலில் கவிழ்ந்த படகு

மார்கழி பதினெட்டு, வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. எழுந்தேன், வாசல் தெளித்தேன், கோலம் போட்டேன், பால் காய்ச்சினேன். இந்த வரிசை என் வீட்டில் மாறுவதில்லை. எதிர்வீட்டு வாசலில் கப்பல்காரர் தன் படகைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கடலைக் கண்ணால் பார்க்காமலே கப்பல்காரர் என்று பெயர் வாங்கியவர் உலகத்திலேயே, கிரிவலப் பாதையில் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலை ஊர்க்காரர் ஒருவர்தான். இருந்தது ஒரு ஃபைபர் படகு. மீன் பிடித்தது ஏரியில். ஆனால் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று டிவியில் சொன்னால், அன்று ஏரிக்குப் போகமாட்டார்.

"நம்மளையும் சேத்துதான்க்கா சொல்றாங்க."

நாங்கள் சிரித்தோம். கார்த்திகையில் புயல் ஏரிக்கே வந்து, கரையில் கட்டியிருந்த படகின் மேல் ஒரு புளியமரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. அதன்பின் அந்த அறிவிப்பு வந்தால் நானும் மாடியில் துணி காயப்போடுவதில்லை.

படகின் அடிப்பக்கம் பிளந்துவிட்டது. செங்கம் ரோட்டில் காபிக்கடை வைத்திருந்த ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். தோட்டத்தில் வைத்து உள்ளே செடி வளர்ப்பாராம். கப்பல்காரரின் மனைவி சாந்தி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"நாளைக்குக் காலைல ஏரியில மிதந்தா உன்னுது. தண்ணி ஏறுச்சுனா காபிக்கடைக்கு."

அன்று மத்தியானம் கப்பல்காரர் பிளவின்மேல் ஃபைபர் துணியை ஒட்டிப் பிசின் பூசினார். திருஷ்டி படக்கூடாதென்று, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றைப் படகின் மேல் வைத்தார். அதுதான் தப்பு. சாயங்காலம் கிரிவலக் கூட்டம் வந்தது. பழத்தைப் பார்த்து ஓர் அம்மா நின்றார்.

"இங்க என்ன சாமிங்க?"

"சாமி இல்லீங்கம்மா. போட்டு."

"போட்டுக்குள்ள இருக்காரா?"

இவர் பதில் யோசிப்பதற்குள் விபூதி விழுந்தது. பின்னால் வந்தவர்கள் குங்குமம் தூவினார்கள், பூ போட்டார்கள். எல்லாம் ஈரப் பிசினில் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஒருவர் கற்பூரத்தை எடுத்ததும் கப்பல்காரர் பாய்ந்து படகின்மேல் குப்புற விழுந்தார்.

"கற்பூரம் மட்டும் வேணாம்ங்க, பத்திக்கும்!"

அவர் பக்தியைப் பார்த்துக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எழுந்தபோது பனியனில் பாதி படகோடு தங்கிவிட்டது.

அதற்குமேல் சாந்தியால் பொறுக்க முடியவில்லை. புடவையைச் சொருகிக்கொண்டு படகுக்குக் காவல் நின்றாள். "ஈரம் காயலீங்க, தள்ளிப் போங்க." காபிக்கடைக்குத் தருவதாகச் சொன்னவளும் அவள்தான்.

"ஒட்டு தாங்குமா?" என்று கப்பல்காரரைக் கேட்டேன்.

"தாங்கும்க்கா. இவ்ளோ பேர் வேண்டிட்டுப் போயிருக்காங்க." குரலில் தெம்பு கம்மியாகத்தான் இருந்தது.

மறுநாள் எழுந்ததும் நேரே போய்ப் படகின் ஒரு முனையைப் பிடித்தேன். ஏரியில் இறக்கியதும், தண்ணீர் ஏறினால் மொண்டு கொட்ட ஒரு சொம்போடு சாந்தி முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். விபூதி, குங்குமம், அரைப் பனியன் சகிதம் படகு நடு ஏரி வரை போய்த் திரும்பியது. சொம்பு நனையவே இல்லை.

அந்த மார்கழியில் என் வாசலில் கோலம் விழாத நாள் அது ஒன்றுதான்.