பரண் மேல் நின்ற சம்பந்தி

ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. மளிகைக் கடையில் கூட்டமாக இருந்தால் உப்பு வாங்காமலே திரும்பி வந்து, உப்பில்லாத குழம்பைப் பாராட்டிச் சாப்பிட்டவன் நான். மலைமேல் வில்பட்டியில் என் பூண்டுத் தோட்டம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே, பூண்டு நம்மிடம் பதில் எதிர்பார்க்காது என்பதுதான்.

என் மகள் கவிதா, ஆயக்குடி கொய்யா வியாபாரி ஒருவரின் மகனை விரும்பினாள். பழனியில் இரண்டு குடும்பமும் முதல்முறை சந்தித்தோம். வியாபாரி என்னென்னவோ பேசினார். நான் ‘வாங்க’ என்றேன். (அதுவும் அவர் கிளம்பும்போது.) ‘பொண்ணோட அப்பாவுக்கு இதுல இஷ்டமில்ல போலருக்கு’ என்று அவர் வீட்டில் சொன்னதாகச் செய்தி வந்தது. இனி எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வருவார். மனசு ஒப்பினால்தான் பூ வைத்து உறுதி செய்வார். கவிதா சரியாகச் சாப்பிடவே இல்லை.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என்னைப் போலவே வியாபாரிக்கும் டிவியில் கார் ரேஸ் விளையாடும் பைத்தியம் உண்டாம்.

“நீங்க பேசவே வேணாம்ப்பா. பக்கத்துல உக்காந்து காரை மட்டும் ஓட்டுங்க.”

ஒரே ஒரு சிக்கல். முந்தின மாதம்தான் என் கேம் பெட்டியை அடுக்கம் கிராமத்தில் இருக்கும் மச்சினனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன். இனிமேல் வீட்டில் பெட்டியே தேவையில்லை, விளையாட்டு எங்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓடும், நெட் வழியாகப் படம் மட்டும் நம் டிவிக்கு வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். (நேரில் பேசாதவனுக்கு வீடியோவில் பேசுகிறவர்கள் எல்லாருமே மேதைகள்.) உடனே அதற்குச் சந்தா கட்டினேன். நான் காலத்தோடு போகிறவன் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அவளிடம் மட்டும் நன்றாகப் பேசுவேன்.

வியாபாரி வருகிற அன்று காலையில், தோட்டத்தின் குறுக்கே தொங்கிய நெட் வயரை ஒரு காட்டுமாடு கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு என்ன அவசரச் சோலியோ.

மிச்சம் இருந்தது செல்போன் நெட்; அதை டிவிக்குத் திருப்பிவிடலாம். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான்: அடுப்புக்கு மேலே, புகை படும்படி பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பரண். அங்கேயும் போனைக் கூரைத் தகரத்தின் இடுக்கில் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். வியாபாரியின் ஜீப் சத்தம் கேட்டதுமே ஏறிவிட்டேன். (உண்மையில், ஏறுவதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு மகா சந்தோஷம்.)

சமையலறைச் சுவர் கூரைவரை எழும்பாததால், மேலேயிருந்து ஹால் டிவி நன்றாகத் தெரிந்தது. வியாபாரி உட்கார்ந்து, பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்டார். மனைவி மேலே கை காட்டினாள். அவர் அண்ணாந்தார். புகைக்கு நடுவில் தொங்கிய பூண்டுகளோடு பூண்டாக என் தலை.

“வாங்க,” என்றேன்.

ரேஸ் தொடங்கியது. வெளியே பனிமூட்டம் இறங்க இறங்க, படம் இழுத்து இழுத்து வந்தது. திண்டுக்கல்லில் பிரேக் பிடித்தால் கார் மதுரையில்தான் நின்றது. வியாபாரி சுவரில் மோதினார், வைக்கோல் போரில் மோதினார், கடலுக்குள் இறங்கினார். பார்க்கப் பொறுக்காமல், வளைவுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே ஒடிக்கச் சொல்லி முனகினேன். அவர் ஒடித்தார். கார் பிழைத்தது. முகம் பார்க்க வேண்டியதில்லை என்றதும் என் நாக்கு தானாக ஓட ஆரம்பித்தது. வலது பக்கம் என்றேன், வெரசா என்றேன், அழுத்துங்க என்றேன். கடைசியில் கிடந்த கார் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. அவரோடு வந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இதோ கடைசி வளைவு. மனிதர் பிரேக்கே பிடிக்கவில்லை.

“ஏலே மடையா, பிரேக்கப் புடிலே!”

சொன்னது நான்தான். அந்த அதிர்ச்சியில் கை நழுவி, போன் கீழே தேங்காய்ச் சட்னியில் விழுந்தது. டிவியில் கார் அந்தரத்திலேயே நின்றது. கவிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பூண்டு மூட்டைக்குள் ஒளிந்து மிச்ச வாழ்நாளைக் கழித்துவிட முடியுமா என்று யோசித்தேன்.

வியாபாரி மெதுவாகத் திரும்பி மேலே பார்த்தார்.

“அட, ஒங்களுக்குப் பேச்சு வருமா? பழனியிலேயே இப்பிடி ரெண்டு திட்டு திட்டிருந்தா அன்னைக்கே பூ வச்சிருப்பேனே.”

வைத்துவிட்டார், அன்றைக்கே. நான் இறங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

கேம் பெட்டியெல்லாம் ஒழிந்துவிடுமா என்று யாராவது கேட்டால், பட்டணத்தில் ஒழியலாம். வில்பட்டியில் அதற்கு வீட்டுக்கு ஓர் ஆளைப் பரணில் ஏற்ற வேண்டும் என்று சொல்வேன். (மனதுக்குள்தான்.) நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகளில், கொய்யாவுக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவே, மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு புது கேம் பெட்டி இருந்தது.

இன்றும் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே தண்ணீர்ச் செம்போடு நிற்கும் என்னைக் கண்டுகொள்ளவே மாட்டார். நேராக அடுப்படிக்குப் போய்ப் பரணை அண்ணாந்து பார்த்துச் சொல்வார்:

“சம்பந்தி, வந்துட்டேன். எறங்குங்க.”