அருட்பிரகாசம் சுக்கான் பிடித்த கதை

மனைவியின் தலையிலிருந்து கார் ஓட்டும் ஆசையை இந்தக் கோடைக்குள் அடியோடு கழற்றிவிடுவது என்று அருட்பிரகாசம் முடிவெடுத்தார். கழற்றுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த கருவி ஒரு படகு.

காரணம் இருந்தது. சிவமலருக்கு எப்சம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் செய்த அதே வேலை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து சூப்பர்மார்க்கெட்டில் மீன் ரின் அடுக்கி அலுத்தவளுக்கு, திரும்பவும் ஒரு மைக்ரோஸ்கோப்பின் முன் உட்காரப் போகிறோம் என்ற நினைப்பே இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவிடவில்லை. ஆனால் ஷிப்ட் விடியற்காலையில். அந்த நேரத்துக்கு அவர்கள் குடியிருந்த மிட்சம் பகுதியிலிருந்து அங்கே பஸ் இல்லை. சொந்த வாகனத்தில் வர முடியுமா என்று திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

வாகனம் வாசலில்தான் நின்றது. நீல நிற டட்சன். அருட்பிரகாசம் வேலைக்குப் போவது ரயிலில். காருக்குச் சனிக்கிழமை குளிப்பு, ஞாயிற்றுக்கிழமை கோயில். மற்ற நாட்களில் பூரண ஓய்வு. அதன் திறப்பு, அதாவது சாவி, பகலில் அவர் பொக்கற்றிலும் இரவில் தலையணைக்குக் கீழும் வசித்தது.

"இஞ்சாருங்கோ, கார் சும்மாதானே நிக்குது."

"நிக்கட்டும். நிக்கிறதுக்குத்தான் வாங்கினனான்."

"நான் ஓடினால் என்ன?"

"ஸ்டியரிங் எண்டால் என்னெண்டு தெரியுமோ உமக்கு? அது கையிலை இருக்கிற விஷயமில்லை. மூளையிலை இருக்கிற விஷயம்."

"அப்ப இந்தக் காருக்கு ஏன் தனியா ஒண்டு பூட்டியிருக்கிறாங்கள்?"

அருட்பிரகாசம் துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போனார்.

உண்மையில் அவர் அந்தக் காரைப் பிள்ளை மாதிரித்தான் பார்த்தார். மாசி மாதத்தில் அதற்கு நோய்போல ஒரு வருத்தம் வந்தது. ஒரு சனிக்கிழமை, கதவெல்லாம் திறந்து கழுவிக் காயவிட்ட பிறகு ஏறி உட்கார்ந்தால் டிரைவர் சீற் முன்னுக்கு நகர்ந்திருந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. திங்கட்கிழமை காலை யேசுரட்ணத்தின் கராஜில் காரை விட்டுவிட்டு ரயிலேறினார். மாலையில் எடுக்கப் போனால் சீற் இன்னும் அரை அங்குலம் முன்னால் நின்றது. "ஸ்பிறிங் களைச்சுப்போச்சு அண்ணை, அடுத்த கிழமையும் விட்டுப் பாப்பம்" என்றான் யேசுரட்ணம். கொண்டுபோகக் கொண்டுபோக வருத்தம் கூடியது. அருட்பிரகாசமும் விடவில்லை. திங்களுக்குத் திங்கள் கொண்டுபோனார். வைகாசியில் சீற் திடீரென்று சுகமாகி, தன் இடத்திலேயே நின்றுவிட்டது. தான் போட்ட சத்தத்தில்தான் யேசுரட்ணத்துக்கு வேலை ஓடியது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஞாயிறு காலை அக்ஸ்பிரிட்ஜ் கால்வாயில் ஒரு நாள் வாடகைக்குப் படகு எடுத்தார்கள். துணைக்கு யேசுரட்ணத்தின் மனைவி டொலறஸும் வந்தாள். கராஜின் வான் வண்டியை லண்டன் முழுக்க ஓட்டித் திரிகிறவள் என்பதால் அருட்பிரகாசத்துக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அந்தக் கால்வாயில் லொக் உண்டு. பள்ளத்தில் வரும் படகைத் தொட்டி போன்ற ஓரிடத்தில் அடைத்து, தண்ணீரை நிரப்பி, மேட்டுக்கு ஏற்றும் ஏற்பாடு. தொட்டியின் இரு முனையிலும் இரட்டைக் கதவு. ஒவ்வொன்றும் ஒரு யானைக் கனம். இரண்டு கதவுக்கு இரண்டு பெண்கள் வேண்டுமே. ஓட்டுவது தன் வேலை, கதவு தள்ளுவது பெண்கள் வேலை என்று ஒரு நாள் பழகினால் சிவமலரின் ஆசை தானாகக் கழன்றுவிடும் என்பது அவர் கணக்கு.

கதவடியில் தண்ணீரைத் திறந்துவிடும் இரும்புத் திறப்பு ஒன்று படகில் கிடந்தது. அதை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"திறப்பு வேணும் எண்டனீர். இந்தாரும் திறப்பு."

தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தார். இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போனது. வலப்பக்கம் தள்ளினால் ஒரு தூண்டில்காரரின் குடைக்குள் போனது. மன்னிப்புக் கேட்டுக் கேட்டே முதல் லொக்குக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெண்கள் கரையில் இறங்கினார்கள். அருட்பிரகாசம் படகோடு தொட்டிக்குள் போனார். கதவு மூடியது. நாலு பக்கமும் பாசி பிடித்த சுவர். கதவிடுக்கால் ஒழுகிய தண்ணீர் சரியாக அவர் பிடரியில் விழுந்தது. மேலே வெயில், கீழே மார்கழி. மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அங்கை என்ன சிரிப்பு?"

"ஒண்டுமில்லை. இந்தக் கரை வீட்டுக்கார மனிசி தேத்தண்ணி தந்தவ. கேக் துண்டும்."

"எனக்கு?"

"நீங்கள் கவனமா ஓட்டுங்கோ. மூளை வேலையெல்லே."

இரண்டாவது லொக் முதலாவதைவிட ஆழம். அங்கே பிக்னிக் வந்த ஒரு குடும்பம் மேலே ஸ்ட்ரோபெரியும் கிறீமும் கொடுத்தது. கதவு தள்ளவும் யார் யாரோ ஓடி வந்தார்கள். அடியில் நின்ற அருட்பிரகாசத்துக்கு ஒரு நாயின் வால் மட்டும் தெரிந்தது.

மூன்றாவது லொக்கின் கரையில் ஒரு பப் இருந்தது. வாசலில் மேசைகள். மேசைகளில் நுரை தள்ளும் பியர். அதைப் பார்த்ததும் அருட்பிரகாசத்தின் மனவுறுதி கரைந்தது. லொக்குக்கு முன்னாலேயே படகைக் கரையில் கட்டினார்.

"மலர், இதை ஒருக்கால் நீர் பிடியும். நான் மேலை போறன்."

"எனக்கு ஏலாது. ஸ்டியரிங் எண்டால் என்னெண்டே தெரியாது."

"இதிலை என்ன கிடக்கு? சின்னப்பிள்ளையும் பிடிக்கும்."

"மூளை வேணும் எண்டனீங்கள்."

"உமக்கு மூளை இல்லையெண்டு ஆர் சொன்னது?"

டொலறஸ் இடையில் புகுந்தாள். "அண்ணை, ஆக்கினைப்படுத்தாதேங்கோ. கார் எண்டாலும் பரவாயில்லை. படகு பொம்பிளையளுக்குச் சரிவராது."

"கார் என்ன பெரிய விஷயமே? இதைவிடச் சுகம். இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கமே போகும்."

"அப்ப என்னாலை கார் ஓட ஏலும் எண்டுறியளோ?" என்று கேட்டாள் சிவமலர்.

அருட்பிரகாசம் தயங்கினார். மேலே யாரோ ஒரு முழுக் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

"ஏலும். வடிவா ஏலும்."

"சும்மா வாயாலை சொல்லுறியள்."

"சும்மா இல்லை. இதை இடிபடாமல் உள்ளை கொண்டுபோய் விடும், கார்த் திறப்பு உமக்கு. டொலறஸ் சாட்சி."

"இப்பவே தாருங்கோ. கையிலை இருந்தால் ஒரு தைரியம்."

கொடுத்தார். பதிலுக்கு இரும்புத் திறப்பு அவர் கைக்கு வந்தது.

துள்ளிக்கொண்டு மேலே ஏறினால், டொலறஸ் பப் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். கால் உளைவாம். பிக்னிக்காரர்கள் யாரையும் காணவில்லை. அருட்பிரகாசம் தனியாக ஒரு கதவை முதுகால் தள்ளினார். சுற்றி ஓடிப்போய் மற்றக் கதவைத் தள்ளினார். மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது படகு இரண்டு கதவுக்கும் நடுவால், எதிலும் உரசாமல், வெண்ணெய்க்குள் கத்தி மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது. சிவமலர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

படகை மேட்டுக்கு ஏற்றி, வெளியே எடுத்து, பப்புக்கு எதிரில் கட்டினார்கள். அருட்பிரகாசத்தின் வியர்த்த ஷேர்ட்டைப் பிழிந்தால் ஒரு லொக் நிரம்பும். ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"பாத்தீரோ? நான் ஓட்டினதைப் பாத்துத்தான் உமக்கு வந்தது. நாளைக்கே எல் போர்ட் வாங்கிறன். காரையும் நானே பழக்கிவிடுறன்."

"எல் போர்ட் வேண்டாம்," என்றாள் சிவமலர். "வைகாசியிலை டெஸ்ட் பாஸ் பண்ணின அண்டைக்கே கழட்டிப்போட்டம்."

அருட்பிரகாசம் டொலறஸைப் பார்த்தார். பழக்கியவள் அவள்தான் என்பது அவள் தலையைக் குனிந்த விதத்திலேயே தெரிந்தது.

"எந்தக் காரிலை?"

"எங்கடை காரிலைதான். திங்களுக்குத் திங்கள்."

அவருடைய முழங்கால் தானாகவே நோகத் தொடங்கியது.

"அந்த சீற்..."

"முதல் நாள் மட்டும்தான் அதை நான் வேணுமெண்டு இழுத்துவிட்டனான்," என்றாள் சிவமலர், திறப்பைக் கைப்பைக்குள் போட்டபடி. "மற்ற நாளெல்லாம் நீங்களாத்தான் காரைக் கொண்டுவந்து தந்தனீங்கள்."