தேங்காய் குலுக்கும் முறை

பரிஸ், லா சப்பல்
17 நவம்பர் 2019, ஞாயிறு

பெருமதிப்புக்குரிய வல்லிபுரம் மாமாவுக்கு,

உங்கள் தங்கை கௌரியின் மகள் மிருணாளினி எழுதிக்கொள்வது. கடிதம் எழுதியதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நீங்கள் இருக்கிற கூசேன்வில்லுக்கு அரை மணி நேர ரயில்தான், அதற்குப் போய் முத்திரை ஒட்டியிருக்கிறாளே என்று மாமி சிரிப்பார். ஆனால் தொலைபேசியில் நான் இதுவரை உங்களிடம் பேசியதெல்லாம் "ஓம் மாமா", "இல்லை மாமா" என்ற இரண்டு வசனங்கள்தான். நீங்களும் போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்துவிடுவீர்கள். போன தீபாவளிக்கு நான் "ஓம் மாமா" என்றபோது உங்களோடு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற நாலு பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். இது நாலு பேருக்கான விஷயம் இல்லை.

மாமியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். நான் சுகம். அப்பா சனிக்கிழமைகளில் நன்றாக நித்திரை கொள்கிறார். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் இரசாயனவியலில் பட்டம் எடுத்தபோது "எங்கடை குடும்பத்திலை முதல் பட்டதாரி" என்று நீங்கள் கேக் வெட்டி எல்லாருக்கும் ஊட்டினீர்கள். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை எது என்று நீங்கள் கேட்டபோது, லா கூர்னெவில் ஒரு விளையாட்டுக் கழகத்தில் செயலாளர் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அரசாங்கப் பதிவிலும் அது விளையாட்டுக் கழகம்தான். என்ன விளையாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா தானாகவே பட்மின்ரன் என்று முடிவெடுத்துவிட்டார். மாமா, அது துவக்குச் சுடும் கழகம். பழைய இராணுவத் துவக்குகளைச் சேர்த்து வைத்திருக்கிற கிழவர்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள், சனிக்கிழமைகளில் வந்து மணல்மேட்டின் முன்னால் நிற்கும் கடதாசியைச் சுட்டுவிட்டுக் கோப்பி குடித்துப் போவார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பெயர் பதிவேன். அவ்வளவுதான்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்துவிட்டால் அப்பா எழுந்து சுவரோடு சுவராக நின்றுவிடுவார். ஜூலை பதினாலில், பிரெஞ்சுத் தேசிய தினத்துக்கு, வாணம் விடத் தொடங்கினால் குளியல் தொட்டிக்குள் போய் இருந்துகொண்டு, தொட்டி கழுவுகிறேன் என்பார். லைட் போடாமல் கழுவுவார். இரவில் அவர் நித்திரை கொள்வதில்லை. ஒன்பது வருஷமாக அம்மா தலையணைக்குக் கீழே திருநீறு வைத்துப் பார்க்கிறார்.

கழகத் தலைவர் ழான்-லூக், ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அவரிடம் பிரெஞ்சு இராணுவம் கழித்துவிட்ட ஒரு பழைய அரைத்தானியங்கித் துவக்கு இருக்கிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒருமுறை சுடும், அடுத்த தோட்டா தானாக உள்ளே போய் உட்காரும். அதற்கென்று வைத்திருந்த பழைய தோட்டாக்கள் தீர்ந்துபோனதும், ஒக்டோபரில் என் மேசைக்கு வந்தார். "மத்மொசெல், நீங்கள் இரசாயனம் படித்தவர். இந்தத் துவக்குக்கு எது பாதுகாப்பான தோட்டா என்று நீங்களே தெரிவு செய்யுங்கள். எனக்குக் கண் சரியில்லை, உங்களுக்கு மூளை இருக்கிறது" என்றார். எனக்கு அப்படி ஒருவரும் சொன்னதில்லை மாமா. இரண்டு கிழமை இருந்து வாசித்தேன். அளவு பார்த்தேன், நிறை பார்த்தேன், வெடிமருந்தின் அழுத்தம் பார்த்தேன், செய்த ஆண்டு பார்த்தேன். எல்லாம் பொருந்திய ஒரு புதுப் பெட்டியை எடுக்கச் சொல்லி, கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

போன கிழமை, ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, கழகத்தில் ஆண்டு ஒன்றுகூடல். அம்மாவுக்கு அது தெரிந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "பட்மின்ரன் விளையாடுற பிள்ளையள் பசியோடை நிக்குங்கள்" என்று அறுபது கட்லட் பொரித்து, அவற்றை ஒரு சட்டியில் அடுக்கித் துணி கட்டி, எனக்குச் சொல்லாமல் அப்பாவின் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அப்பா வாசலில் சட்டியோடு நிற்கிறார். அந்த நேரம் பார்த்து உள்ளே முதல் வெடி வெடித்தது.

அப்பா ஓடுவார் என்று நினைத்தேன். சட்டி விழும் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டினேன். அவர் என்னைக் கடந்து போய், கண்ணாடிக்கு அருகில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்து, அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். மூன்றாவது வெடியில் குறட்டை விட்டார். நான் பிறந்தநாள் முதல் அப்பாவின் குறட்டையைக் கேட்டதில்லை. ஏழு கிழவர்களும் மாறி மாறிச் சுடுகிறார்கள், கண்ணாடி அதிர்கிறது, அப்பாவின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இளகிக் கிடக்கிறது. ழான்-லூக் ஒரு காதுமூடியை எடுத்து வந்து, எழுப்பிவிடாமல் மெதுவாக அவருக்கு மாட்டிவிட்டார். "பாவம், களைத்துப்போன மனிதர்" என்றார். அந்தக் காதுமூடியோடும் கட்லட் சட்டியோடும் அப்பா ஒரு மணி நேரம் நித்திரை கொண்டார். நான் அறுபத்தெட்டு வெடி எண்ணினேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

பிறகு ழான்-லூக் தன் பழைய துவக்கை எடுத்து, நான் தெரிவு செய்த பெட்டியை உடைத்தார். தோட்டாவை உள்ளே விட்டார், அதைப் பின்னாலிருந்து அடைக்கிற பூட்டை இழுத்து விட்டார். விரல் விசைக்குக் கிட்டவும் போகவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு மூடியதும் துவக்கு தானாகவே வெடித்தது. நல்ல காலம், வாய் முன்பக்கம் பார்த்து இருந்தது. குண்டு மணல்மேட்டுக்கு மேலே கூரைத் தட்டியில் பட்டு, வெள்ளைத் தூள் முழுக்க அவருடைய மொட்டைத் தலையில் இறங்கியது. மா பூசின மோதகம் மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேணும். வரவில்லை, ஏனென்றால் எனக்குப் பக்கத்தில் அப்பா கண் திறந்திருந்தார்.

அறுபத்தெட்டு வெடிக்கு எழும்பாத மனிதர் அறுபத்தொன்பதாவதுக்கு எழும்பினார்.

"உது ஆள் சுட்டதில்லை" என்றார்.

"என்ன அப்பா?"

"விசை அமத்தேல்லை. அது தானாப் போனது. அந்த ரவுண்ஸ் பெட்டியைக் கொண்டா பிள்ளை."

சட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துவிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் நடுவில் வட்டமாக ஒரு செப்புப் பொட்டு இருக்கும், ஊசி வந்து அடிக்கிற இடம். அதைப் பெருவிரலால் தடவினார். பார்க்கவில்லை மாமா, எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டு தடவினார். சிலதை இடப்பக்கம் வைத்தார், சிலதை வலப்பக்கம். எல்லாவற்றின் மூக்கும் சுவர்ப்பக்கம் பார்த்து நேர்வரிசையில் கிடந்தன. கிழவர்கள் துவக்குகளை இறக்கிவைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"இந்தப் பக்கம் கிடக்கிறது பொட்டு மிதந்து நிக்குது. மற்றது மிதக்கேல்லை, ஆனா எல்லாப் பொட்டும் மெல்லிசு. இது வேட்டைத் துவக்குக்குச் செய்தது. அவரின்ரை துவக்கிலை ஊசிக்கு வில்லு இல்லை, பூட்டு மூடேக்கை ஊசி ஓடிவந்து முட்டும். தடிச்ச பொட்டு எண்டால் தாங்கும். இது தாங்காது. சொல்லு அவருக்கு."

சொன்னேன். அதற்குப் பிறகு பூட்டைக் கழற்றச் சொன்னார். ழான்-லூக் கழற்றிக் கொடுத்ததும் அதைக் காதோடு வைத்துக் குலுக்கினார். "பேசேல்லை" என்றார். பழைய கொழுப்பு உள்ளே இறுகிப்போய் ஊசி ஒட்டிக்கிடக்கிறதாம். கழுவித் துடைத்துத் திரும்பக் குலுக்கியபோது டிக், டிக் என்று கேட்டது. "இப்ப பேசுது."

ழான்-லூக்கின் முகத்தில் தூள் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டார்: "மத்மொசெல், உங்கள் தந்தை இராணுவத்தில் இருந்தவரா?"

மாமா, எனக்குப் பதினைந்து வயதில் நானும் அம்மாவும் இங்கே வந்து இறங்கிய அன்று, அப்பாவுக்காக நீங்கள் எழுதிய அகதிக் கேஸின் பிரதியை எங்களிடம் தந்து பாடமாக்க வைத்தீர்கள். இரண்டாம் பக்கம், மூன்றாம் வரி. கனவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் என்று நீங்களே பாராட்டினீர்கள். அதைத்தான் சொன்னேன்.

"இல்லை ஐயா. தேங்காய் வியாபாரி."

"தேங்காய்?"

"எங்கள் ஊரில் நல்ல தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கித்தான் கண்டுபிடிப்பார்கள். அடியில் இருக்கிற கண்ணையும் தடவிப் பார்ப்பார்கள். அப்பாவுக்கு எல்லாவற்றையும் அப்படிப் பார்க்கிற பழக்கம்."

நான் என் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான வசனம் அதுதான். ழான்-லூக் அப்படியே நம்பினார். ஏழு கிழவர்களும் தங்கள் தங்கள் பூட்டைக் கழற்றிக் காதோடு வைத்து, கண்ணை மூடிக் குலுக்கினார்கள். அந்த மண்டபம் முழுக்க டிக், டிக், டிக். பிறகு கட்லட் சாப்பிட்டார்கள். சுவரில் இப்போது ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: "திரு யோகநாதனின் தேங்காய் முறை". அதற்குக் கீழே ஒரு தென்னை மரமும் கீறியிருக்கிறார்கள்.

லா கூர்னெவிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு ரயிலில் வந்தோம். அப்பா தன் கையை இரண்டு தரம் மணந்து பார்த்தார். இறங்கும்போதுதான் வாய் திறந்தார்: "அம்மாவுக்குப் பட்மின்ரன் எண்டே இருக்கட்டும்." படிக்கட்டில் ஏறும்போது கேட்டார்: "வாற சனியும் இருக்கோ?"

பிழையான தோட்டாவைத் தெரிவு செய்ததற்கு என்னைக் கழக வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று பயந்திருந்தேன். நிறுத்தவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை அப்பாவுக்குக் குடியுரிமை நேர்முகம் என்பது உங்களுக்குத் தெரியும். மொழிபெயர்க்கக் கூடப் போவதற்காக ஒருநாள் லீவு கேட்டிருந்தேன். நேற்று, பதினாறாம் தேதி, அப்பா வழக்கமான வாங்கில் நித்திரையாக இருக்கும்போது, ழான்-லூக் ஒரு பிரதியை என்னிடம் நீட்டினார். குடியுரிமை நேர்முகம் நடத்துகிற பிரெபெக்சர் அலுவலகத்துக்கு அவர் எழுதிய சிபாரிசுக் கடிதம். அதில் உள்ளதைத் தமிழில் தருகிறேன்:

"திரு யோகநாதன் தம் நாட்டில் தேங்காய் வியாபாரம் செய்தவர். அந்தத் தொழிலின் அபூர்வ ஞானத்தால், இராணுவத் துவக்குக்கு எது பாதுகாப்பான தோட்டா என்பதைக் கண்ணால் பாராமலே விரலால் சொல்லி, எங்கள் கழகத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றினார். அது என் உயிர். தாங்களும் நேர்முகத்தின்போது அவரிடம் ஒரு தேங்காயைக் கொடுத்துப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பார்க்க வேண்டிய காட்சி."

"இது வேண்டாம் ஐயா" என்றேன். திரும்பவும் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, "வெட்கப்படாதீர்கள், செவ்வாய்க்கிழமையே பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தார். நல்ல மனிதர் மாமா.

ஆகவே அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிற அதிகாரியின் கையில் இரண்டு கடதாசி இருக்கும். ஒன்று நீங்கள் எழுதியது, மற்றது ழான்-லூக் எழுதியது. இரண்டும் ஒரே கதையைச் சொல்வது நல்லதுதான் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். அப்பா தேங்காய் வியாபாரி என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே. நான் அதற்கு மேல் அப்பாவிடம் ஒன்றும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தை யார் பிரித்து வாசித்தாலும் அவர்களுக்கும் அது விளங்கட்டும். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் மூவரின் வணக்கம். உங்கள் முதுகுக்கு அந்தப் பெட்டிகள் பாரமில்லாமல் இருக்க லா சப்பல் பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எப்போதும் உங்கள் சொல் கேட்கும் மருமகள்
மிருணாளினி

பி.கு.: மாமா, ஒன்று எழுதாமல் விட்டுவிட்டேன். இன்று காலை அம்மா அப்பாவைச் சந்திக் கடைக்குத் தேங்காய் வாங்க அனுப்பினார். பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னையும் கூட அனுப்பினார். அப்பா கூடையின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்தார், கண்ணைப் பெருவிரலால் தடவினார், காதோடு வைத்துக் குலுக்கினார், மூன்றைத் தெரிந்து எடுத்தார். வீட்டுக்கு வந்து குசினி மேசையில் அவற்றை வரிசையாக வைத்தார். மூன்றின் கண்ணும் சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தன. ஒன்றுகூட எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அம்மா உடைத்தார். ஒன்று கொப்பரை, ஒன்று அழுகல், மூன்றாவதைத் திறந்ததும் ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, உங்களை ஆர் தேங்காய் வியாபாரி எண்டு எழுதினது?" என்று அம்மா கேட்டார்.

"உன்ரை கொண்ணர்" என்று அப்பா உங்களைச் சொன்னார்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார்.

வருகிற ஞாயிறு, இருபத்துநாலாம் தேதி, தயவுசெய்து வாங்கோ மாமா. வரும்போது நல்லதில் நாலு, பழுதானதில் நாலு தேங்காய் கொண்டுவாங்கோ. எது எது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேணும். அதற்குப் பிறகு நேர்முகத்துக்கு நாலு நாள்தான் இருக்கும். அவருக்குத் தேங்காயைப் பற்றி ஒன்றுமே தெரியாது.