கஞ்சியில் கரைத்த விட்டமின்

கரண்டிக் காம்பால் நசுக்கும்போது மாத்திரைத் துண்டு ஒன்று தெறித்து, பொன்னுத்தாயின் காலடியில் போய் விழுந்தது.

"என்னங்க அது?"

"சுவத்துப் பெயிண்ட். உதிருது," என்றார் தங்கையன், அதைக் காலால் மறைத்தபடி.

ஸ்ரீரங்கம் மேலூர் சாலை வீட்டின் அடுக்களையில் இரண்டு மாதமாக நடந்துவந்த திருட்டு அது. சர்க்கரை நோயாளியான தம் மனைவிக்குச் சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்று புத்தூர் மருத்துவர் சொன்ன நாள்முதல் தங்கையனுக்கு உறக்கம் போயிற்று. ஆன்டி-ஆக்ஸிடன்ட் விட்டமின்கள் சிறுநீரகத்தைக் காக்கும் என்று, மருத்துவமும் அறியாத, ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கவும் அறியாத ஒருவன் கைப்பேசிக் காணொளியில் முழங்கினான். உடனே ரஃபீக்கின் மருந்துக்கடைக்கு ஓடி, ஒரு டப்பா வாங்கிவந்தார்.

"ஏற்கெனவே முழுங்குறது போதாதா? இன்னும் போட்டா, நடக்கும்போது கலகலன்னு சத்தம் வரும்," என்று பொன்னுத்தாய் மறுத்துவிட்டாள். ஆகவே, அவளுடைய காலைக் கேழ்வரகுக் கஞ்சியில் கமுக்கமாகக் கலந்தார்.

பிறகுதான் வினை. தங்கையனுக்கே சிறுநீர் மஞ்சளாயிற்று. வழக்கமான மஞ்சள் அன்று, சாமந்திப்பூ மஞ்சள். தம் சிறுநீரகமும் போயிற்று என்றே முடிவுகட்டினார். தாம் முந்திக்கொண்டால் அவளை யார் பார்ப்பது? அவளாவது பிழைக்கட்டும் என்று அவள் கஞ்சியில் தினம் இரண்டு மாத்திரையாகக் கலந்தார். மஞ்சள் மேலும் மின்னியது.

"உடம்புச் சூடு போலருக்கு. கஞ்சி இன்னும் கொஞ்சம் ஊத்து."

"தாராளமா குடிங்க," என்றாள், சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்க மனம் வராத பொன்னுத்தாய். அவர் செம்பு வழிந்தது. மறுநாள் மஞ்சள், காவிரிப் பாலத்து விளக்குகளையே தோற்கடித்தது.

"எனக்கப்புறம் நீதான் பாத்துக்கணும், மோட்டார் சுவிட்ச் எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கம்மா," என்று மருமகள் யாழினியிடம் அவர் தழுதழுத்தபோது, அவள் இருவரையும் புத்தூருக்கே இழுத்துப்போய்ப் பரிசோதனை செய்வித்தாள்.

"அம்மாவுக்கு யூரின்ல புரதம் இறங்குறது நல்லாக் குறைஞ்சிருக்கு," என்றார் மருத்துவர்.

தங்கையன் எழுந்தே நின்றுவிட்டார். "என் விட்டமின், டாக்டர். கஞ்சியில நான்தான் கலந்தேன். நான் போனாலும் பரவால்ல, இவ பொழைச்சுட்டா."

பொன்னுத்தாய் திரும்பினாள். "அப்ப அது பெயிண்ட் இல்ல?"

"கேக்காம மருந்து கலக்குறது தப்புங்க ஐயா," என்றார் மருத்துவர். "விட்டமின் கிட்னியைக் காப்பாத்தும்னு இன்னும் உறுதியா நிரூபணம் ஆகல. அம்மா சுகரையும் பிரஷரையும் கட்டுல வச்சாங்க, அதான். உங்க கிட்னியும் நல்லாத்தான் இருக்கு. பி விட்டமின் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டா இப்படித்தான் மஞ்சளாப் போகும்."

"நான் ஒண்ணுகூடச் சாப்பிடலையே. எல்லாம் இவளுக்குல்ல கொடுத்தேன்?"

யாழினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, மருந்து வாடை அடிக்குது, கொட்டவும் மனசு வரலன்னு, அத்தை ரெண்டு மாசமா தன் கஞ்சி மொத்தத்தையும் உங்க செம்புலதான் ஊத்துறாங்க."